சிக்னல் இல்லாத கடலுக்கு ஒரு செயலி

அந்தமானில், போர்ட் பிளேரின் ஜங்லிகாட் மீன்பிடித் துறையிலிருந்து கிளம்பும் படகுகளில் போகிறவர்கள் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனால் கரையை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் சிக்னல் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் போனில் பாட்டுக் கேட்கலாம், படம் எடுக்கலாம். புயல் வருகிறது என்று கரையிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் மணி மட்டும் அடிக்காது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது இதுதான் நடந்தது. கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் புயல் உருவாகும் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். எச்சரிக்கை வெளியானது, ஆனால் அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தன. விமானங்களுக்கு வழிகாட்ட நம் நாட்டில் ‘ககன்’ என்றொரு செயற்கைக்கோள் அமைப்பு இருக்கிறது. அதன் வழியாகவே மீனவர்களுக்கான செய்தியையும் அனுப்புகிறார்கள். படகில் இருக்கும் ஜெமினி கருவி அதை வாங்கி, புளூடூத் மூலம் பக்கத்தில் உள்ள போனுக்குக் கொடுக்கும். போனில் இருக்கும் செயலி அதைப் பிரித்து, ஒன்பது இந்திய மொழிகளில் காட்டும். புயல், பேரலை, எந்தப் பகுதியில் மீன் கிடைக்க வாய்ப்பு என்று எல்லாம் வரும். செல்போன் கோபுரமே தேவையில்லை. ஒரு குறை உண்டு: செய்தி வரும், படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது.

‘ஆப் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இந்தக் கதையைத்தான். எந்தக் கணினி மொழி படிப்பது, எந்த லேப்டாப் வாங்குவது என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. யாருக்கு, எந்த இடத்தில், என்ன சிரமம் என்பதுதான் முதல் கேள்வி. ஜெமினியைச் செய்தவர்கள் ‘கடலுக்குள் நெட் கிடைக்காது’ என்பதை முதலில் ஒத்துக்கொண்டார்கள். அதனால்தான் அவர்கள் செயலி அங்கே பயன்படுகிறது.

மும்பை தாராவியில் சில சிறுமிகள் இப்படித்தான் தொடங்கினார்கள். அவர்கள் தெருவில் பொதுக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் நீண்ட வரிசை, சண்டை. ‘பானி ஹை ஜீவன்’ என்று ஒரு செயலி செய்தார்கள். வரிசையில் போனிலேயே இடம் பிடிக்கலாம்; முறை வந்ததும் போன் சொல்லும். அவர்கள் யாரும் கம்ப்யூட்டர் என்ஜினியர் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் பயன்படுத்தியது எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் என்ற இலவசக் கருவி. இன்று நாமும் அதைத்தான் எடுக்கப் போகிறோம்.

இப்போது ஜங்லிகாட் ஜெட்டிக்கு வாருங்கள். இங்கே யாருக்கு என்ன தேவை?

ஜெட்டியில் நிற்கும் ஒரு அண்ணாவிடமோ, மீன் இறக்கும் ஒரு அக்காவிடமோ கேட்டுப் பாருங்கள். அவர்கள் பேச்சில் அடிக்கடி வருவது ‘தண்ணி ஏறுதா, எறங்குதா?’ என்பதுதான். தண்ணீர் வற்றியிருக்கும்போது படகு ஜெட்டியின் மேல்தளத்தை விட மிகவும் கீழே கிடக்கும். மீன் பெட்டியை மேலே தூக்குவதும், ஐஸைக் கீழே இறக்குவதும் பெரும்பாடு. சின்ன டிங்கிகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தத் தீவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை போகும். உங்கள் அப்பாவின் உயரத்தை விட அதிகம்! அதனால் ‘அடுத்த ஏற்றம் எத்தனை மணிக்கு?’ என்று சொல்லும் ஒரு செயலி செய்வோம். பாடப் புத்தகத்தில் ‘ஓதம்’ என்று படித்தது இதுதான்.

செயலி எழுதும் முன் கடலின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நிலா கடல் நீரை இழுக்கிறது. நிலாவைப் பார்த்திருக்கும் பக்கத்தில் இழுப்பு கொஞ்சம் கூடுதல், மறுபக்கத்தில் கொஞ்சம் குறைவு. அதனால் பூமியின் இரண்டு பக்கமும் நீர் லேசாகப் புடைத்திருக்கும். பூமி சுழலும்போது நம் ஜெட்டி அந்த இரண்டு புடைப்புகளையும் கடந்து போகிறது. ஆகவே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அப்படியானால் 12 மணி நேரத்துக்கு ஒரு ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாமா? கூடாது. மைதானத்தில் நீங்கள் ஒரு சுற்று ஓடி வருவதற்குள், மெதுவாக நடந்துகொண்டிருக்கும் உங்கள் நண்பன் பத்தடி முன்னால் போயிருப்பான். அவனைத் தொட நீங்கள் அந்தப் பத்தடியும் கூடுதலாக ஓட வேண்டும். பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நிலாவும் அப்படித்தான் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதைப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் சுமார் 50 நிமிடம் தேவைப்படுகிறது. எனவே இரண்டு ஏற்றங்களுக்கு 24 மணி 50 நிமிடம். ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு அதில் பாதி: 12 மணி 25 நிமிடம்.

இந்த ஒரு எண் போதும், நம் செயலிக்கு உயிர் வந்துவிடும்.

முதலில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு தாளில் போன் அளவுக்கு ஒரு கட்டம் வரையுங்கள். மேலே ‘ஏற்றம் எத்தனை மணிக்கு?’ என்று எழுதுங்கள். அதன் கீழே நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன். அதற்கும் கீழே பெரிய எழுத்தில் விடை. அவ்வளவுதான். பயன்படுத்தப் போகிறவரின் கை ஈரமாக இருக்கும், தலைக்கு மேல் வெயில் அடிக்கும். அதனால் பட்டன் பெரிதாக இருக்கட்டும், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து இருக்கட்டும். பூப்போட்ட அலங்காரம் எல்லாம் வேண்டாம். அந்தத் தாளை ஜெட்டியில் யாரிடமாவது காட்டி, ‘இதில் எதைத் தொடுவீங்க?’ என்று கேளுங்கள். அவர் தப்பான இடத்தைத் தொட்டால் திருத்த வேண்டியது உங்கள் படத்தை.

இனி பள்ளிக் கணினி அறையிலோ, வீட்டு லேப்டாப்பிலோ பிரவுசரைத் திறந்து ஆப் இன்வென்டர் தளத்துக்குப் போங்கள். கூகுள் கணக்கு கேட்டால் அம்மா அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லி அவர்கள் துணையோடு நுழையுங்கள். 2010-ல் கூகுளில் தொடங்கி, பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் போன திட்டம் இது. இதற்கு முன்னோடியாக இருந்தவர் ஹால் ஏபல்சன் என்ற பேராசிரியர்.

இதில் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று டிசைனர், மற்றொன்று பிளாக்ஸ். டிசைனரில் நடுவில் ஒரு போன் திரை தெரியும். இடப்பக்கப் பட்டியலிலிருந்து ‘டைம் பிக்கர்’ என்பதை இழுத்துத் திரையில் போடுங்கள். நேரம் தேர்ந்தெடுக்கும் பட்டன் அதுதான். அதன் கீழே ஒரு ‘லேபிள்’. விடை அதில் வரும். ‘கிளாக்’ ஒன்றையும் இழுத்துப் போடுங்கள். அது திரைக்குள் நிற்காமல் கீழே போய் உட்காரும். பயப்பட வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வேலை செய்யும் உறுப்பு.

அடுத்து பிளாக்ஸ் பக்கம். இங்கே எழுத வேண்டியதில்லை, வண்ணக் கட்டைகளைக் கோர்க்க வேண்டும். கடுகு நிறத்தில் ‘டைம் பிக்கரில் நேரம் தேர்ந்தெடுத்த பின்’ என்று பொருள்படும் ஒரு கட்டை இருக்கும். அதுதான் தொடக்கம். செயலிகள் பெரும்பாலும் சும்மா காத்திருக்கும். விரல் பட்டால், நேரம் மாறினால், செய்தி வந்தால் உடனே எழுந்து வேலை செய்யும். இதை நிகழ்வு என்கிறோம். அந்தக் கடுகு நிறக் கட்டையின் வாய்க்குள், லேபிளின் எழுத்தை மாற்றும் பச்சைக் கட்டையைப் பொருத்துங்கள். அதோடு கிளாக்கின் ‘ஃபார்மட் டைம்’ என்ற ஊதாக் கட்டையும், அதற்குள் ‘ஆட் மினிட்ஸ்’ என்ற ஊதாக் கட்டையும் சேரும். ‘ஆட் மினிட்ஸ்’ இரண்டு விஷயம் கேட்கும்: எந்த நேரத்தோடு கூட்ட வேண்டும், எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும். முதலாவதற்கு டைம் பிக்கரில் தேர்ந்தெடுத்த நேரம். இரண்டாவதற்கு நீல நிற எண் கட்டை ஒன்றை எடுத்து அதில் எழுதுங்கள்.

என்ன எழுதுவீர்கள்?

12.25 என்று எழுதத்தான் கை போகும். எழுதினால் செயலி பன்னிரண்டு நிமிடம் மட்டும் கூட்டி, காலை 6 மணி ஏற்றத்துக்கு அடுத்தது 6.12 என்று சொல்லும். கடல் அப்படி நடக்காது என்று உங்களுக்குத் தெரியும், போனுக்குத் தெரியாது. அது கேட்டது நிமிடக் கணக்கு. 12 மணியை 60-ஆல் பெருக்கினால் 720. அதோடு 25. மொத்தம் 745. இப்போது எழுதுங்கள் 745. மணியையும் நிமிடத்தையும் புள்ளி வைத்து எழுதுவது நம் பழக்கம், கணினிக்கு 12.25 மணி என்றால் 12 மணி 15 நிமிடம், ஏனென்றால் .25 என்பது கால் மணி. பெரிய பெரிய மென்பொருள்களிலும் இப்படி அளவு மாறிப் போவதால் வரும் பிழைகள் உண்டு. நீங்கள் முதல் செயலியிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

சரி, போனில் ஓட விடுவோம். போனில் எம்.ஐ.டி.-யின் ‘கம்பேனியன்’ செயலியைப் போட்டு, லேப்டாப் திரையில் வரும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால், நீங்கள் கோர்த்தது அப்படியே கையில் வந்து நிற்கும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். லேப்டாப்பில் ஒரு எழுத்தை மாற்றினால் போனிலும் உடனே மாறும். அந்த முதல் நொடி தரும் சந்தோஷத்தை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள முடியாது.

வற்றம் எப்போது என்றும் காட்ட ஆசையா? 745-ல் பாதி ஏறக்குறைய 372. இன்னொரு லேபிள், இன்னொரு வரிசைக் கட்டைகள். விடையைப் போன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்ற உறுப்பைச் சேருங்கள். ஜங்லிகாட்டில் தமிழும் தெலுங்கும் வங்காளமும் இந்தியும் ஒரே ஜெட்டியில் கேட்கும். படிக்கத் தெரியாத ஒரு தாத்தாவுக்கும் அந்தக் குரல் உதவும்.

லேபிளில் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். இன்று இது சாதாரணம். கைபேசிகளில் தமிழே தெரியாத காலம் ஒன்று இருந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005-ல் ‘செல்லினம்’ வெளியிட்டு, கைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தார். யூனிகோடு என்ற உலகப் பொது ஏற்பாட்டில் இப்போது நம் எழுத்துகளுக்கும் எண்கள் உண்டு. ‘அ’வின் எண் 2949. நீங்கள் ‘அ’ தட்டும்போது போன் சேமிப்பது அந்த எண்ணைத்தான்.

நம் செயலியில் கவனித்தீர்களா, எங்கேயும் இணையம் தேவைப்படவில்லை. செய்வதற்குத்தான் நெட் வேண்டும். செய்து, போனில் நிறுவிய பிறகு, சிக்னல் இல்லாத நடுக்கடலிலும் அது கணக்குப் போடும். தீவில் வாழ்கிறவர்கள் செய்யும் செயலிக்கு இதுதான் முதல் இலக்கணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கே நெட் எளிதாக வந்துவிடவில்லை. 2020 ஆகஸ்ட் 10 வரை அந்தமானுக்குச் செயற்கைக்கோள் வழி இணைப்புதான். அந்தச் செயற்கைக்கோள் இருப்பதோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஒளியின் வேகத்தில் போனாலும் செய்தி மேலே போய்க் கீழே வரக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. பிறகு சென்னையிலிருந்து கடலடியில் கண்ணாடி இழைக் கம்பி வந்தது. போர்ட் பிளேரையும் இன்னும் ஏழு தீவு இடங்களையும் இணைக்கும் அந்தக் கம்பியின் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். இப்போது சென்னையிலிருந்து ஒரு செய்தி இங்கே வர நூறில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் இந்த ஊரில் உட்கார்ந்து நீங்கள் ஆப் இன்வென்டர் தளத்தைச் சட்டென்று திறக்க முடிவது அந்தக் கம்பியால்தான். ஆனால் அது கரையோடு நின்றுவிடுகிறது; படகுக்குள் வருவதில்லை.

செயலி ஓடிவிட்டது. சரியாக ஓடுகிறதா? அதைச் சொல்ல வேண்டியது கடல்தான். ஒரு நாள் ஏற்றம் உச்சத்துக்கு வந்த நேரத்தைக் குறித்துச் செயலியில் போடுங்கள். அது சொல்லும் நேரத்தையும், நீர் உண்மையில் உச்சத்துக்கு வரும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். அதே 745-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போனால், சில நாளில் கால் மணி, அரை மணி என்று விலகத் தொடங்கும். உங்கள் கட்டைகளில் தப்பில்லை. நிலா மட்டும் இழுக்கவில்லை, சூரியனும் இழுக்கிறது. நிலாவின் பாதையும் சரியான வட்டம் இல்லை. கடலடியின் ஆழம், கரையின் வளைவு எல்லாம் சேரும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்திருப்பார்கள். நாம் செய்தது கற்றுக்கொள்ளும் செயலி. அதை நம்பி யாரும் கடலுக்குப் போகக் கூடாது. அதைச் செயலியின் அடியிலேயே எழுதிவையுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது அந்த அட்டவணையையும், இன்காய்ஸ் தரும் எச்சரிக்கையையும்தான்.

ஓதத்தை அளப்பதில் இந்த ஊருக்குப் பெரிய பெயர் உண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. எழுந்த சுனாமியைப் போர்ட் பிளேரில் இருந்த ஓதமானி தாளில் கோடாக வரைந்து வைத்தது. சென்னை, நாகப்பட்டினம் ஓதமானிகளும் வரைந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2003-ல், அந்தக் கோடுகளை வைத்தே அந்த நிலநடுக்கத்தின் அளவு சுமார் 7.9 என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26 பெரும் நிலநடுக்கத்தில், போர்ட் பிளேர்ப் பகுதி நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கியது. அந்தப் பகுதியில் உள்ள சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல் வந்து நின்றுவிட்டது. அதற்கு முந்தைய உயர அளவுகளை வைத்து யாராவது ஒரு செயலி எழுதியிருந்தால், கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் விடை தவறாக வந்திருக்கும். அதனால் செயலி செய்கிறவர் தான் எடுத்த எண் எங்கிருந்து, எந்த ஆண்டு வந்தது என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டைகள் போதவில்லை, எழுதியே செய்ய வேண்டும் என்று தோன்றும் நாள் வரும். அப்போது ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்ற மென்பொருளுக்குப் போகலாம், அதுவும் இலவசம். கோட்லின் என்ற மொழியில் எழுத வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு முதலில் ஜாவாதான் இருந்தது. 2019 முதல் கூகுள் கோட்லினுக்கே முதலிடம் தருகிறது. லேப்டாப்பில் 8 ஜிபி ராமாவது இல்லையென்றால் அது திணறும். அவசரமே இல்லை. நிகழ்வு, நிபந்தனை, மாறி என்று நீங்கள் கட்டைகளில் கற்பது எல்லாம் அங்கேயும் அப்படியே உதவும்.

எத்தனை முறை செய்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? சென்னையில் ஷ்ரவன் குமரன், சஞ்சய் குமரன் என்று அண்ணன் தம்பி இருவர். 2011-ல் ‘கோ டைமென்ஷன்ஸ்’ என்று தங்களுக்கென ஒரு நிறுவனமே தொடங்கினார்கள். மறு ஆண்டு ‘கேட்ச் மீ காப்’ என்ற விளையாட்டுச் செயலியை வெளியிட்டபோது ஒருவருக்குப் பன்னிரண்டு வயது, இன்னொருவருக்குப் பத்து. நாம் தெருவில் ஆடும் திருடன் போலீஸ்தான் அந்த விளையாட்டு. அதற்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைச் செயலிகள் செய்து பார்த்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். செய்தித்தாளில் வந்த அந்த ஒரு செயலியைவிட, யாரும் பார்க்காத அந்த நூறு செயலிகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

உங்கள் செயலியை உடனே உலகத்துக்கு வெளியிட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். கூகுள் பிளேயில் வெளியிட 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு முறை 25 டாலர் கட்ட வேண்டும். ஆப் இன்வென்டர் தரும் கோப்பை அப்பாவின் போனிலும், பக்கத்து வீட்டு மாமாவின் போனிலும் நிறுவினால் போதும். ஒன்று மட்டும் முக்கியம். ஏற்றத்தின் நேரம் சொல்லும் செயலிக்கு, பயன்படுத்துகிறவர் எங்கே நிற்கிறார் என்பதோ, அவர் போனில் யார் யார் எண் இருக்கிறது என்பதோ தெரிய வேண்டியதில்லை. தேவையில்லாத எந்த அனுமதியையும் கேட்காதீர்கள். மற்றவர்கள் செய்த செயலி உங்களிடம் கேட்டாலும் ‘எதற்கு?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜங்லிகாட்டில் இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் ஒருவரோடு ஜெட்டிக்குப் போங்கள். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் பேருந்து நிலையத்துக்கோ, ரேஷன் கடைக்கோ, தண்ணீர்க் குழாய்க்கோ போங்கள். அங்கே ஒருவரிடமாவது, ‘உங்களுக்குத் தினமும் தெரிய வேண்டியது எது, அது எப்போது தெரியாமல் போகிறது?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன பதிலையும், நீங்கள் தாளில் வரைந்த போன் திரையையும் எங்களுக்கு அனுப்புங்கள்.